5 நாள் எம்டிஎஸ்: ஏஆர்டி எந்த நாள், ஜிஜி யார் சொல்வது, ஆஸ்பத்திரி ஐவி கணக்கில் வருமா?

இளமதி

அமெரிக்க நர்சிங் ஹோம்களில் எம்டிஎஸ் (ரெசிடென்டின் நிலையைப் பதிவு செய்யும் மதிப்பீட்டுப் படிவம்) பார்க்கும் அக்கா, அண்ணன்களுக்கு வணக்கம். ஃப்ளோர் ஆர்என்-ஆக (பதிவு பெற்ற நர்ஸாக) இருந்து எம்டிஎஸ் கோஆர்டினேட்டர் வேலைக்கு மாறியிருக்கிறேன். எம்டிஎஸ் நிரப்பும் விதிகள் உள்ள ஆர்ஏஐ மேனுவல் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு முழு கேஸை வைத்துக் கேட்டால்தான் எனக்குப் பிடிபடும் போலிருக்கிறது.

மெடிகேர் பார்ட் ஏ (அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டில் ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம் தங்கலுக்கான பகுதி) ரெசிடென்ட். இடப்பக்கத் தொடை எலும்புக் கழுத்தில் முறிவு, ஆஸ்பத்திரியில் பாதி இடுப்பு மூட்டு மாற்று அறுவை, நான்கு இரவு இன்பேஷன்ட். வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு வந்து சேர்ந்தார். சர்க்கரை நோய், தினமும் இன்சுலின். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உண்டு. உணவு மெக்கானிக்கல் சாஃப்ட் (மெல்ல எளிதாக மென்மையாக்கியது). ஆஸ்பத்திரியில் ஐவி ஆன்டிபயாடிக் போனது, கடைசி டோஸ் கிளம்பிய அன்று காலை. டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் வரியே "பொதுவான தசை பலவீனம்". தெரபி எவாலுவேஷன் திங்கட்கிழமைதான் நடந்தது.

என் சந்தேகங்கள்: ஏஆர்டியை (அசெஸ்மென்டின் கணக்கு முடியும் தேதியை) எப்போதும் 8-ம் நாளில் வைத்துவிடு என்கிறார்கள், அது சரியா? ஜிஜியில் (அன்றாட வேலைகளுக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்ற பகுதியில்) எய்டுகள், அதாவது உதவிப் பணியாளர்கள், 02 என்று எழுதியிருக்கிறார்கள், தெரபி 04 என்கிறது. எதை எடுப்பது? ஐ0020பி-யில் (தங்கலின் முதன்மைக் காரணத்தை எழுதும் இடத்தில்) எந்த டயக்னோசிஸ்? ஆஸ்பத்திரியில் போன ஐவிக்கு என்டிஏ (தெரபி அல்லாத மருந்து, சிகிச்சைச் செலவுகளுக்கான பிரிவு) புள்ளி கிடைக்குமா? 5 நாள் அசெஸ்மென்டையும் அட்மிஷன் அசெஸ்மென்டையும் சேர்த்தே செய்யலாமா?

எம்டிஎஸ் மேசை

இளமதி, கடைசிக் கேள்வி சுலபமானது, அதை முதலில் முடித்துவிடலாம். சேர்த்துச் செய்யலாம், செய்வதுதான் நல்லது. 5 நாள் பிபிஎஸ் (மெடிகேர் பேமென்டுக்கான) அசெஸ்மென்டின் ஏஆர்டி பார்ட் ஏ தங்கலின் 1 முதல் 8-ம் நாளுக்குள் இருக்கவேண்டும். ஓப்ரா (எல்லா ரெசிடென்டுக்கும் சட்டப்படி வேண்டிய) அட்மிஷன் அசெஸ்மென்டுக்கு 14-ம் நாள் வரை இடமுண்டு. 8-க்குள் வைத்த ஏஆர்டி இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் சேர்த்துவிட்டால் இரண்டில் கடுமையான கெடுதான் உங்களைக் கட்டும். தனி 5 நாள் என்றால் ஏஆர்டிக்குப் பின் 14 நாளுக்குள் முடித்தால் போதும். அட்மிஷனோடு சேர்த்தால் சிஏஏ (கேர் பிளானுக்கு முன் பிரச்சினைகளை ஆராயும் பகுதி) உட்பட எல்லாம் 14-ம் நாளுக்குள் முடிந்து வி0200பி2-வில் கையெழுத்து விழவேண்டும். அதிலிருந்து 7 நாளுக்குள் கேர் பிளான் முடிவு, வி0200சி2. அதிலிருந்து 14 நாளுக்குள் ஐக்வீஸுக்கு (மெடிகேர் நிர்வாகத்தின் கணினி அமைப்புக்கு) அனுப்பவேண்டும். 48 மணி நேர பேஸ்லைன் கேர் பிளான் இதெல்லாம் இல்லாமல் தனியாக ஓடும், அதை மறக்கவேண்டாம்.

நாள் எண்ணுவது: இரவு 11:59-க்கு வந்தாலும் அதுதான் 1-ம் நாள். உங்கள் கேஸில் வெள்ளி 1, ஞாயிறு 3, அடுத்த வெள்ளி 8.

ஏஆர்டி. "எப்போதும் 8" என்பது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. "எப்போதும் 5" என்பதும் அப்படியே. ஏஆர்டி என்பது லுக்-பேக்கின் கடைசி நாள். எந்த நாளில் வைக்கிறோமோ அதிலிருந்து பின்னோக்கி 7 நாள், சில ஐட்டங்களுக்கு 14 நாள், கணக்கில் வரும். ஆகவே ரெசிடென்டுக்கு உண்மையில் நடந்த சிகிச்சை எந்த ஜன்னலுக்குள் முழுதாக விழுகிறது என்று பார்த்துத்தான் வைக்கவேண்டும். உங்கள் கேஸையே எடுங்கள். சர்க்கரை நோயாளி பேமென்டின் நர்சிங் பிரிவில் ஸ்பெஷல் கேர் ஹை என்ற உயர் குழுவுக்குப் போக ஒரு வழி, இன்சுலின் ஊசி 7 நாளும் போட்டிருக்கவேண்டும், அதோடு இன்சுலின் ஆர்டர் குறைந்தது 2 நாளில் மாறியிருக்கவேண்டும். இன்சுலின் ஐட்டமான என்0350, ரெசிடென்ட் நம்மிடம் வந்த நாளிலிருந்துதான் எண்ணும். ஏஆர்டி 5-ம் நாள் என்றால் 7 வர வாய்ப்பே இல்லை. 7-ம் நாளில் வைத்தால் வெள்ளி இரவு நாம் போட்ட ஊசியிலிருந்து எண்ணலாம். வெள்ளி இரவு ஊசி இல்லை, சனி காலைதான் தொடங்கியது என்றால் 8-ம் நாள்தான் வழி. ஸ்லைடிங் ஸ்கேல்படி டோஸ் தினமும் மாறுவது ஆர்டர் மாற்றம் ஆகாது என்பதையும் கவனியுங்கள். டாக்டர் ஆர்டரையே மாற்றவேண்டும். புதிதாக ஸ்லைடிங் ஸ்கேல் தொடங்கிய நாள், நிறுத்திய நாள் ஆகியவற்றை எண்ணலாம்.

சிஓபிடி இன்னொரு வழி. ஐ6200-வோடு ஜே1100சி, அதாவது மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல், இருந்தாலும் ஸ்பெஷல் கேர் ஹை. இதை விடுபடாமல் பிடிப்பவர்கள் குறைவு. மூச்சு திணறும் என்பதற்காகவே படுக்காமல் தலைமாட்டை உயர்த்திப் படுக்கிறார் என்றாலும் கோடு செய்யலாம். ஆனால் காரணம் சார்ட்டில் இருக்கவேண்டும். "தலைமாடு 45 டிகிரி" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. "படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னதால் உயர்த்தினோம்" என்று அந்த 7 நாளுக்குள் ஒரு நர்சிங் நோட் வேண்டும். முதல் நாளே ஃப்ளோர் நர்ஸிடம் இதைக் கேட்கச் சொல்லிவையுங்கள்.

ஏஆர்டியை ஜன்னலுக்குள் மாற்றிக்கொள்ளலாம். 8-ம் நாள் கடந்தபின் பின்தேதியிட்டு வைக்க முடியாது. அதனால் முதல் நாளே சாஃப்ட்வேரில் ஒரு தேதியைப் போட்டுவிட்டு, 6, 7-ம் நாளில் சார்ட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். நடுவிலேயே ரெசிடென்ட் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்விட்டால் ஏஆர்டியை டிஸ்சார்ஜ் நாளுக்கு இழுத்துக்கொள்ளலாம்.

பிம்ஸ் (அறிவாற்றல் சோதனை), பிஎச்கியூ (மனச்சோர்வுக் கேள்விகள்) இரண்டும் நேர்காணல். ஏஆர்டி அன்றோ முந்தைய நாளோ செய்வது நல்லது என்கிறது மேனுவல். ஆனால் அந்த நாளில் ரெசிடென்ட் ஆர்த்தோ டாக்டரைப் பார்க்கப் போயிருந்தால் என்ன செய்வீர்கள்? லுக்-பேக்குக்குள் முன்னதாகவே செய்து தேதியோடு கையெழுத்திட்டு வையுங்கள். ஏஆர்டி முடிந்தபின் செய்த பிம்ஸ் செல்லாது. சி0100-ல் (நேர்காணல் நடத்தவேண்டுமா என்ற கேள்வியில்) 1 போட்டு மற்றதற்கெல்லாம் டேஷ்தான் (தகவல் இல்லை), ஸ்டாஃப் அசெஸ்மென்ட் போட்டு ஈடுகட்ட முடியாது. அப்போது பிடிபிஎம் (மெடிகேர் நாள் கட்டணத்தைக் கணக்கிடும் முறை) அவரை அறிவாற்றல் முழுமையாக உள்ளவராக எடுத்துக்கொள்ளும். பிம்ஸ் 12 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் எஸ்எல்பி (பேச்சு, விழுங்கல் தெரபி) பிரிவில் ஒரு காரணியாக எண்ணப்படும். அது போய்விடும். பணத்தைவிட எனக்கு உறுத்துவது, அவருக்கு மறதி இருப்பதே கேர் பிளானில் வராமல் போய்விடுகிறது.

பிஎச்கியூ-வில் முதல் இரண்டு கேள்விகளில் ஏதாவது ஒன்றின் அடிக்கடி அளவு 2 அல்லது 3 வந்தால் மீதி ஏழையும் கேட்கவேண்டும். டி0160 மொத்தம் 10-ஐத் தொட்டால் ஸ்பெஷல் கேர் ஹை, லோ, கிளினிக்கலி காம்ப்ளெக்ஸ் குழுக்களில் மனச்சோர்வுக்கான மேல் படி கிடைக்கும். 10 வந்தால் டாக்டருக்குத் தகவல் போயிருக்கவேண்டும். ஸ்கோர் மட்டும் இருந்து பின்தொடர்ச்சி எதுவும் இல்லாத சார்ட்டைப் பார்த்தால் சர்வேயர் (அரசு ஆய்வாளர்) விடமாட்டார்.

இனி ஐ0020பி. "பொதுவான தசை பலவீனம்", எம்62.81, பிடிபிஎம் மேப்பிங்கில் ரிட்டர்ன் டு ப்ரொவைடர். அதாவது முதன்மை டயக்னோசிஸாக ஏற்காது. பலவீனத்துக்குக் காரணம் என்ன என்பதுதான் கேள்வி, இங்கே முறிவு. மூட்டு மாற்று செய்திருப்பதால் பலரும் இசட்47.1 ஆஃப்டர்கேர் (அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பு) கோடைப் போடுகிறார்கள். அது தவறு. முறிவுக்காக மூட்டு மாற்றினால் அது காயத்தின் தொடர் சிகிச்சை. எஸ்72 (தொடை எலும்பு முறிவு) கோடு, ஏழாவது எழுத்து டி. காயங்களுக்கு ஆஃப்டர்கேர் இசட் கோடு கூடாது என்பது ஐசிடி-10-சிஎம் (நோய்க் குறியீட்டு முறை) விதி. இசட்47.1 மூட்டுத் தேய்மானத்துக்காகத் திட்டமிட்டு மாற்றியவர்களுக்கு. கூடவே ஜே2100-ல் (சமீபத்தில் பெரிய அறுவை நடந்ததா) 1, ஜே2310-ல் இடுப்பு மூட்டு மாற்று டிக் செய்யவேண்டும். பாதி மாற்றும் அதில் அடங்கும். இந்த டிக் விட்டுப்போனால் அதே ரெசிடென்ட் "மேஜர் ஜாயின்ட்" பிரிவிலிருந்து "அதர் ஆர்த்தோபெடிக்" பிரிவுக்கு இறங்கிவிடுவார். ஆபரேஷன் ரிப்போர்ட் கையில் இல்லாமல் டிக் செய்யாதீர்கள். ஆஸ்பத்திரி மெடிக்கல் ரெக்கார்ட்ஸை முதல் வேலை நாளிலேயே கேட்டு வாங்குங்கள். டயக்னோசிஸை நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது, நம் டாக்டர் எழுதவேண்டும். டாக்டருக்கு அனுப்பும் கேள்வியில் விடையை ஊட்டாமல் "இந்தத் தங்கலுக்கு முதன்மைக் காரணம் என்ன?" என்று திறந்த கேள்வியாகக் கேளுங்கள்.

மற்ற டயக்னோசிஸ்களுக்கு இரண்டு படி: கடந்த 60 நாளுக்குள் டாக்டர், நர்ஸ் பிராக்டிஷனர் அல்லது ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் எழுதியிருக்கவேண்டும், கடந்த 7 நாளில் அது ஆக்டிவாக இருக்கவேண்டும். இன்ஹேலர் கொடுக்கிறோம் என்பதால் சிஓபிடி ஆகிவிடாது. டயட்டீஷியன் "ஊட்டக்குறை" என்று எழுதினாலும் டாக்டர் எழுதும்வரை ஐ5600 காலிதான்.

என்டிஏ: சர்க்கரை 2, சிஓபிடி 2, ஆக 4. குழு 3–5, அதாவது என்டி. ஆஸ்பத்திரி ஐவிக்குப் புள்ளி கிடையாது. ஐவி மருந்துக்கான ஓ0110எச்1-ல் "ரெசிடென்டாக இருக்கையில்" என்ற பி பத்திக்கு மட்டும்தான் 5 புள்ளி. ஒரே ஒரு டோஸ் நம் கட்டடத்தில் போயிருந்தால் 9 ஆகி என்பி குழுவுக்குப் போயிருக்கும். உங்கள் கேஸில் கடைசி டோஸ் அங்கேயே முடிந்துவிட்டது. எனவே 4-தான். முதல் 3 நாளுக்கு என்டிஏ தொகை மூன்று மடங்கு என்பதால் இந்த ஒரு கோடு தவறாகப் போனால் ஆடிட்டில் பெரிதாகத் தெரியும்.

ஓடி செல்வி

ஜிஜி பற்றி நான் சொல்றேன் இளமதி. உங்க கேஸ்ல தெரபி சொல்ற 04-ஐ எடுக்க முடியாது. அது குறைவா கூடவாங்கிறது அப்புறம், முதல்ல தேதியே ஒத்துவராது. 5 நாள் அசெஸ்மென்ட்ல ஜிஜி ஜன்னல் ஏஆர்டியைப் பார்த்து நகராது. பார்ட் ஏ தொடங்கின நாளும் அடுத்த ரெண்டு நாளும், அவ்வளவுதான். வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை எவாலுவேஷன் 4-ம் நாள், வெளியே போயிடுச்சு. வெள்ளி மாலை அட்மிஷன் வாங்குற எல்லா ஃபெசிலிட்டிலயும் இதே பிரச்சனைதான். சனிக்கிழமை ஒரு தெரபிஸ்ட் வரணும், இல்லேன்னா வார இறுதி நர்ஸும் எய்டுகளும் ஜிஜி ஷீட்டை ஒவ்வொரு ஷிப்ட்லயும் சரியா எழுதணும்.

ஒருவேளை தெரபி சனிக்கிழமையே பார்த்து 04 சொல்லியிருந்தா? அப்பவும் யாரோட நம்பர் பெருசுங்கிற போட்டி இல்ல. கேட்கிறது வழக்கமான செயல்பாடு. நல்லா தூங்கி எழுந்து, வலி மாத்திரை போட்டு, ஜிம்ல பேரலல் பார் பிடிச்சு எழுந்தது அவரோட சிறந்த நிலை. ராத்திரி 2 மணிக்கு டாய்லெட் போக எய்டு பாதிக்கு மேல தூக்கிவிட்டது இன்னொரு நிலை. மூணு நாள்ல பெரும்பாலும் எது நடந்துச்சோ அதுதான் கோடு. அதோட தெரபியோட பலன் சேர்றதுக்கு முன்னாடி இருந்த நிலையைத்தான் அட்மிஷன் கோடா வைக்கணும். நர்ஸும் தெரபியும் சேர்ந்து முடிவெடுத்து, எப்படி இந்தக் கோடுக்கு வந்தோம்னு ரெண்டு வரி நோட் போட்டுடுங்க. ஆடிட்ல முரணான ரெண்டு ஷீட் இருந்தா காப்பாத்துறது அந்த ரெண்டு வரிதான்.

கோடுகள்ல அடிக்கடி குழம்புற இடம்: ரெண்டு பேர் உதவி வேணும்னா ரெசிடென்ட் எவ்வளவு முயற்சி பண்ணினாலும் 01. உதவியாளர் பாதிக்கு மேல செஞ்சா 02, பாதிக்குக் குறைவா செஞ்சா 03. தொடறதோ, வாயால சொல்றதோ மட்டும்னா 04. தட்டை வச்சு மூடியைத் திறந்துட்டுப் போயிட்டா 05. முயற்சியே பண்ணலைன்னா காரணம் வேணும்: மறுத்தார் 07, இந்த நோய்க்கு முன்னாடியும் செய்யாத வேலை 09, சூழல் இல்ல 10, உடல்நிலை அல்லது பாதுகாப்பு 88. சும்மா டேஷ் போடாதீங்க. அமெரிக்க எஸ்என்எஃப் (மெடிகேர் நர்சிங் ஹோம்) தரத் திட்டத்துல 2026 நிதியாண்டுக் கணக்கிலிருந்து 90 சதவீத அசெஸ்மென்ட்கள்ல தேவையான டேட்டா முழுசா இருக்கணும். இல்லேன்னா வருஷாந்திர உயர்வுல 2 சதவீதப் புள்ளி வெட்டு, அது எல்லா மெடிகேர் பார்ட் ஏ ரெசிடென்ட்கள் பேமென்ட்லயும் விழும்.

புள்ளிக் கணக்கு தெரிஞ்சிருந்தா சாஃப்ட்வேர் தர்ற எண்ணைச் சரிபார்க்கலாம். 05, 06-க்கு 4. 04-க்கு 3. 03-க்கு 2. 02-க்கு 1. 01-க்கும் முயற்சிக்காத கோடுகளுக்கும் 0. உங்க ரெசிடென்டுக்கு இப்படி வச்சுக்கலாம்: சாப்பிடறது 05, பல் சுத்தம் 05, டாய்லெட் சுத்தம் 02, உட்கார்ந்து படுக்கறது 03, படுத்து எழுந்து உட்கார்றது 03, எழுந்து நிக்கிறது 02, படுக்கையிலிருந்து நாற்காலி 02, டாய்லெட் மாறுறது 01, நடை 88. படுக்கை அசைவு ரெண்டோட சராசரி 2. மாறுறது மூணோட சராசரி 0.67. நடை 0. பிடி (இயன்முறை தெரபி), ஓடிக்கு (அன்றாட வேலைகளுக்கான தெரபி) 4+4+1+2+0.67+0, அதாவது 11.67, முழு எண்ணாக்கினா 12. நர்சிங்குக்குப் பல் சுத்தமும் நடையும் கிடையாது: 4+1+2+0.67, அதாவது 7.67, 8 ஆகும்.

ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்ல. ஜிஜியைக் குறைச்சு எழுதினா பணம் கூடும்னு ஒரு நம்பிக்கை ஓடுது. நர்சிங்குல அப்படி நடக்கலாம். ஆனா மேஜர் ஜாயின்ட் பிரிவுல பிடி, ஓடிக்கு 0–5 குழுவைவிட 10–23 குழுவுக்குத்தான் எடை அதிகம், ஏன்னா தெரபியை ஏத்துக்கிற நிலையில இருக்கிறவருக்குத்தான் தெரபி அதிகம் போகுது. குறைச்சு எழுதுறது பொய்யும் ஆகும், கணக்கும் தப்பும், டிஸ்சார்ஜ்ல முன்னேற்றக் கணக்கும் நம்பமுடியாம போயிடும்.

ட்ரிபிள் செக்

பில்லிங் பக்கத்திலிருந்து. மேலே சொன்னவற்றை வைத்தால் உங்கள் ஹிப்ஸ் கோடு (பில்லில் போகும் ஐந்தெழுத்துப் பேமென்ட் கோடு) இப்படி வரும்: பிடி/ஓடிக்கு மேஜர் ஜாயின்ட், ஸ்கோர் 12, டிசி குழு, முதல் எழுத்து சி. எஸ்எல்பிக்கு, பிம்ஸ் 11 என்று வைத்துக்கொண்டால், ஒரு காரணியும் மெக்கானிக்கல் சாஃப்ட் டயட்டும், எஸ்இ, எழுத்து இ. நர்சிங் ஸ்பெஷல் கேர் ஹை, ஸ்கோர் 8, மனச்சோர்வு இல்லை, எச்பிசி1, எழுத்து ஜி. என்டிஏ என்டி, எழுத்து டி. ஐந்தாவது 1, அதாவது 5 நாள் அசெஸ்மென்ட். ஆக சி-இ-ஜி-டி-1. டயட் கே0520சி-யில் 3-வது பத்தியில், ரெசிடென்டாக இருக்கையில், டிக் ஆகியிருக்கவேண்டும். டயட் ஆர்டரும் இருக்கவேண்டும். ஆஸ்பத்திரிப் பத்தியில் மட்டும் டிக் இருந்தால் எஸ்டி-க்கு இறங்கிவிடும்.

பில் போகும் முன் நான் பார்ப்பவை: ஐக்வீஸ் ஃபைனல் வேலிடேஷன் ரிப்போர்ட்டில் அக்செப்டட் என்று இருக்கிறதா? அதில் சிஎம்எஸ் (மெடிகேரை நடத்தும் அரசு அமைப்பு) கணக்கிட்ட ஹிப்ஸ் நம்முடையதிலிருந்து வேறாக இருந்தால் அதுவே பில்லில் போகவேண்டும், ஏன் மாறியது என்றும் தேடவேண்டும். ரெவின்யூ கோடு 0022 வரியில் ஹிப்ஸ். ஆக்கரன்ஸ் கோடு 50-ல் ஏஆர்டி, எம்டிஎஸ்-இல் உள்ள அதே தேதி. ஒரு நாள் பிசகினாலும் கிளெயிம் அசெஸ்மென்டைத் தேடிக் கண்டுபிடிக்காது. ஆக்கரன்ஸ் ஸ்பான் 70-ல் தகுதி தரும் ஆஸ்பத்திரித் தங்கல். தொடர்ந்து 3 நாள் இன்பேஷன்ட் வேண்டும். அப்சர்வேஷனில் (இன்பேஷன்டாகச் சேர்க்காமல் கண்காணிப்பில்) கழிந்த இரவுகள் அதில் சேரா. சம்மரியில் "4 இரவு" என்றிருந்தாலும் இன்பேஷன்ட் ஆர்டர் எப்போது என்று பாருங்கள்.

டாக்டர் சர்டிஃபிகேஷன்: அட்மிஷனில், பிறகு 14-ம் நாளுக்குள், அதன்பின் 30 நாளுக்கு மிகாமல். தேதியில்லாத கையெழுத்தால் முழு மாதமும் மறுக்கப்படலாம். எம்டிஎஸ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் உதவாது.

ஏஆர்டி 9-ம் நாள் அல்லது அதற்குப்பின் விழுந்தால், தாமதமான நாட்களுக்கு டிஃபால்ட் ரேட், ஹிப்ஸில் ஐந்து இசட். அது ஒவ்வொரு பிரிவின் மிகக் கீழான தொகை. ரெசிடென்ட் பார்ட் ஏ-வில் இருக்கும்போது அசெஸ்மென்டே செய்யப்படாமல் விட்டுப்போனால், விதிவிலக்கான சில சூழ்நிலைகள் தவிர, அந்த நாட்களின் செலவு ஃபெசிலிட்டி தலையில்.

இளமதி

செல்வி அக்கா, எம்டிஎஸ் மேசை, ட்ரிபிள் செக் சார், எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு வரையான எய்டு ஷீட்களைத் தனியாக எடுத்துவிட்டேன். பிம்ஸ் உண்மையிலேயே 11.

தொடர்ந்து ஒரு கேள்வி. இதே ரெசிடென்டுக்கு 12-ம் நாள் அறுவைக் காயத்தில் தொற்று, நம்மிடமே ஐவி ஆன்டிபயாடிக் தொடங்கினால் ஐபிஏ (இடைக்காலப் பேமென்ட் அசெஸ்மென்ட்) செய்யவேண்டுமா? அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு நாளில் திரும்பினால் மறுபடி 5 நாள் அசெஸ்மென்டா? இன்னொன்று: "இந்த ஐட்டத்தை இப்படிப் போட்டுவிடு" என்று மேலிருந்து சொன்னால் எப்படிச் சமாளிப்பது?

எம்டிஎஸ் மேசை

ஐபிஏ கட்டாயம் இல்லை, நம் விருப்பம். வைத்தால் அதன் ஏஆர்டி நாளிலிருந்து புது ரேட், பின்னோக்கிப் போகாது. என்டிஏ மூன்று மடங்கும் மறுபடி தொடங்காது. வேறு எந்த அசெஸ்மென்டோடும் சேர்க்க முடியாது. எனவே ஐவி தொடங்கிய அன்றோ மறுநாளோ ஏஆர்டி வைக்கவேண்டும். ஒரு வாரம் கழித்து நினைவு வந்தால் அந்த வாரம் போனதுதான்.

வைக்கும் முன் முழுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். என்டிஏ 4-லிருந்து ஐவிக்கு 5, காயத் தொற்று ஐ2500-க்கு 2, ஆக 11, என்பி குழு. ஏறுகிறது. ஆனால் ஐபிஏ எல்லாவற்றையும் புதிதாக எண்ணும். புது பிம்ஸ், புது பிஎச்கியூ வேண்டும். ஜிஜி, ஏஆர்டியும் அதற்கு முந்தைய இரண்டு நாளும். இந்த 7 நாளில் படுத்தால் மூச்சுத் திணறல் என்று நோட் இல்லை, இன்சுலின் ஆர்டரும் மாறவில்லை என்றால் ஸ்பெஷல் கேர் ஹை போய், ஐவி காரணமாக கிளினிக்கலி காம்ப்ளெக்ஸில் நிற்கும். டயட் ரெகுலருக்கு மாறியிருந்தால் எஸ்எல்பி இறங்கும். ஒரு பக்கம் ஏறி இரண்டு பக்கம் இறங்கி மொத்தம் குறையலாம். குறைந்தாலும் வைத்தது வைத்ததுதான். கட்டாயமில்லாத ஒன்றை அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். ஆனால் நிலையில் பெரிய மாற்றம் என்று குழு முடிவு செய்தால் ஓப்ரா எஸ்சிஎஸ்ஏ (நிலை மாற்ற அசெஸ்மென்ட்) கட்டாயம். முடிவு செய்த நாளிலிருந்து 14 நாள். அது ரேட்டுக்காக அல்ல, கேர் பிளானுக்காக. ஐபிஏவோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆஸ்பத்திரி: இன்டரப்டட் ஸ்டே விதி. கிளம்பிய நாளையும் சேர்த்து மூன்று காலண்டர் நாள். செவ்வாய் போனால் வியாழன் நள்ளிரவுக்குள் அதே ஃபெசிலிட்டிக்குத் திரும்பினால் அதே தங்கல். புது 5 நாள் கிடையாது. 15-ம் நாள் போயிருந்தால் திரும்பிய நாள் மறுபடி 15-ம் நாளாகத் தொடரும். பிபிஎஸ் டிஸ்சார்ஜ் வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரி இன்பேஷன்டாகச் சேர்த்துக்கொண்டது என்றால் ஓப்ரா டிஸ்சார்ஜும், திரும்பியதும் என்ட்ரி ட்ராக்கிங்கும் வேண்டும். என்ட்ரி ட்ராக்கிங் 7 நாளுக்குள் முடிந்து, வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் போகவேண்டும். வெள்ளிக்குத் திரும்பினால் புதுத் தங்கல், புது 5 நாள், 1-ம் நாளிலிருந்து எண்ணிக்கை. என்டிஏ மூன்று மடங்கும் பிடி, ஓடி முழு ரேட்டும் மறுபடி தொடங்கும். அவற்றின் ரேட் 20-ம் நாளுக்குப் பிறகு ஏழு நாளுக்கு ஒருமுறை 2 சதவீதம் இறங்கும் அல்லவா, அதுவும் முதலிலிருந்து.

மேலிருந்து அழுத்தம் என்ற கேள்வியை நேராகவே கேட்டது நல்லது. இசட்0400-ல் ஒவ்வொருவரும் தாம் நிரப்பிய பகுதி உண்மை என்று கையெழுத்திடுகிறோம். இசட்0500-ல் ஆர்என் கையெழுத்து அசெஸ்மென்ட் முடிந்தது என்பதற்கு. தெரிந்தே பொய்யாகச் சான்றளித்தால் தண்டம் தனிநபர் மீது. 42 சிஎஃப்ஆர் 483.20 என்ற மத்திய அரசு விதியில் எழுதியிருக்கும் அடிப்படைத் தொகை ஒரு அசெஸ்மென்டுக்கு 1,000 டாலர் வரை, பிறரைப் பொய் எழுதவைப்பவருக்கு 5,000 டாலர் வரை. பணவீக்கத்துக்கேற்ப அது உயர்த்தப்பட்டுக்கொண்டிருக்கிறது. மருத்துவக் கருத்து வேறுபாடு பொய்யாகக் கருதப்படாது என்றும் அதே விதி சொல்கிறது. எனவே பேச்சை அந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள்: "இதற்கு ஆதாரமான நோட்டைக் காட்டுங்கள், தேதி ஜன்னலுக்குள் இருந்தால் போடுகிறேன்." ஆதாரம் இருந்தால் அவர் சொன்னது சரி, நாம் தவறவிட்டது. இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஜன்னல் மூடியபின் எழுதச் சொல்லும் லேட் என்ட்ரியில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கை வைக்காதீர்கள்.

ட்ரிபிள் செக்

ஒன்று விட்டுப்போனது. அனுப்பியபின் தவறு தெரிந்தால் மாடிஃபிகேஷன், அசெஸ்மென்டே நடந்திருக்கக்கூடாது என்றால் இன்ஆக்டிவேஷன். பிழை ஹிப்ஸை மாற்றுகிறது என்றால், கூடினாலும் குறைந்தாலும், எனக்கு அன்றே சொல்லுங்கள். கிளெயிமும் திருத்தப்படவேண்டும்.

மெடிகேர் அட்வான்டேஜ் (தனியார் காப்பீட்டு பிளான் வழி மெடிகேர்) ரெசிடென்ட் என்றால் பிளானோடு உள்ள ஒப்பந்தத்தைப் பாருங்கள். சில பிளான்கள் பிடிபிஎம் ஹிப்ஸ்படி கொடுக்கும், சில லெவல் கணக்கில். பிளானின் பேமென்டுக்காக மட்டும் செய்த 5 நாள் அசெஸ்மென்டை ஐக்வீஸுக்கு அனுப்பக்கூடாது, சார்ட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். அவருடைய ஓப்ரா அட்மிஷன், குவார்ட்டர்லி, டிஸ்சார்ஜ் எல்லாம் வழக்கம்போல் போகவேண்டும். சாஃப்ட்வேரில் பேயரை (பணம் கொடுப்பவரை) தவறாக மெடிகேர் ஏ என்று தேர்ந்தெடுத்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும், அட்மிஷன் டெஸ்க் பேயரை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைப் பாருங்கள்.